பின் இடது கதவு

டிங்கருக்கு ஐம்பத்தெட்டு வயது. நசுங்கிய கார்த் தகட்டைத் தட்டி நேராக்குவதும், துருவேறியதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைப்பதும் அவர் தொழில். பதின்மூன்று வயதில் பட்டறைக்குள் போனவர். அதன் பிறகு வேறு வேலைக்குப் போனதில்லை. அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது, அது மின்சார ரசீதில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் டிங்கர். கோபம் வந்தால் வீட்டுக்காரிக்கும் டிங்கர்தான்.

கார்க் கதவு விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர் வாங்கியிருந்தார். சாத்த மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கதவுகளை வேறு பட்டறைக்காரர்களே அவரிடம் அனுப்புவார்கள். அவர் ஒருமுறை திறந்து சாத்துவார், காதால் கேட்பார். கார்க் கதவு சாத்தும்போது இரண்டு சத்தம் வரும். கதவில் உள்ள பூட்டு, கதவு வாசல் தூணில் உள்ள கொண்டியின் முதல் பல்லைப் பிடிக்கும்போது ஒன்று. இரண்டாவது பல்லைப் பிடிக்கும்போது இன்னொன்று. முதல் சத்தத்தோடு நின்றால் பாதிச் சாத்தல். வண்டி ஓடும்போது திறந்துகொள்ளாது, ஆனால் ஆடும். இரண்டாவது சத்தமும் வந்தால்தான் கதவு சாத்திய கணக்கு. இந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் என்ன கோளாறு இருக்கிறது என்பதை அவர் காது சொல்லிவிடும்.

அவருக்கு ஒரே அண்ணன். ஆறு வயது மூத்தவர், டிரைவர். அப்பா இறந்தபோது தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டவர் அவர்தான். அண்ணன் ஒரே கம்பெனியில், ஒரே முதலாளிக்கு, முப்பத்தோரு வருஷம் ஒரே காரை ஓட்டினார். ஓட்டியதோடு கதவும் திறந்துவிட்டார், சாத்திவிட்டார். பின் இடது கதவு. ஒரு நாளைக்கு எட்டு முறை என்று வைத்தாலும் எழுபதாயிரத்துக்கு மேல் வரும். அதில் ஒருமுறைகூட அவர் கதவை அறைந்து சாத்தியதில்லை. உட்கார்ந்தவரின் விரலை முதலில் பார்ப்பார், அடுத்து துணியின் ஓரத்தைப் பார்ப்பார், பிறகு உள்ளங்கையை வைத்து முதல் சத்தம்வரை கொண்டுபோவார். ஒரு மூச்சு விட்டு, இடுப்பால் லேசாக ஒரு தள்ளு. இரண்டாவது சத்தம் வந்ததா என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

அண்ணன் ஓய்வு பெற்ற வருஷம் அந்தக் காரும் ஓய்வு பெற்றது. பழைய இரும்புக்குப் போகவேண்டியதை முதலாளியின் மகன் அண்ணனுக்கே கொடுத்துவிட்டான். வீட்டுக்குப் பக்கவாட்டில் தார்ப்பாயின் கீழ் அது பதினோரு வருஷம் நின்றது. அண்ணன் மாதம் ஒருமுறை தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பார், மறுபடி மூடிவிடுவார்.

போன வருஷம் அண்ணனின் வலது கை சோர ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான், பிறகு கரண்டி, பிறகு பேனா. ஜனவரி ஏழாம் தேதி நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். தசை இளைக்கிற நோய். மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. இடது கைக்கும் வரும், அதன் பிறகு கால்களுக்கு. அன்று மாலை அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டேய், அந்த வண்டிய எடுத்துட்டுப் போ."

"எங்க அண்ணே?"

"உன் பட்டறைக்கு. சரிபண்ணு. பின்சீட்டுல ஒரு தடவை உக்காரணும். முப்பத்தோரு வருஷம் அந்த சீட்டைத் துடைச்சேன், உக்காந்ததே இல்ல."

"இவ்வளவுதானா? செஞ்சிடலாம்."

"இன்னும் இருக்கு. கதவை நான்தான் சாத்துவேன். இந்த வீட்டுல இப்ப எல்லாத்தையும் அடுத்தவங்க செய்றாங்க. பொத்தான் உங்க அண்ணி போடுறா. சோறு அவதான் ஊட்டுறா. மூக்கு அரிச்சாலும் அவளைத்தான் கூப்பிடணும்."

"கூப்பிட்டா வந்துட்டுத்தானே இருக்கேன்" என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்து. "மூக்கையும் சொறிஞ்சு விட்டு, திட்டும் வாங்கணுமா?"

"கேட்டியாடா? இதுக்குத்தான் சொல்றேன். அந்தக் கதவு ஒண்ணையாவது நான் சாத்துறேன்."

இடது கை அப்போது நன்றாகத்தான் இருந்தது. பின் இடது சீட்டில் உட்கார்ந்தால் கதவை இழுக்கவேண்டியதும் இடது கைதான். டிங்கர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்று மாதம். ஏப்ரலில் முடித்துவிடலாம்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி கார் பட்டறைக்கு வந்தது. மேல்பாகம் மோசமில்லை. கீழேதான் தின்றுவிட்டிருந்தது. கதவுகளுக்கு அடியில், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். காரின் உடம்பு தொங்கிப்போகாமல் தாங்குவது அதுதான். இரண்டு பக்கமும் அது அப்பளமாகியிருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினால் மறுபக்கம் வந்தது.

ரன்னிங் போர்டை வெட்டுவதற்கு டிங்கரிடம் ஒரு சட்டம் இருந்தது. மற்றவர்களுக்கு அவரே சொல்லிச் சொல்லி வாய் வலித்த சட்டம். கதவுகள் வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வெட்டவேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் முட்டு வைத்துப் பற்றவைத்த பிறகே வெட்டவேண்டும். இல்லையென்றால் வெட்டிய நிமிஷத்தில் உடம்பு இறங்கிவிடும், இறங்கியது கண்ணுக்குத் தெரியாது. வலது பக்கத்தை அவர் அப்படித்தான் செய்தார். பிப்ரவரி ஐந்தாம் தேதி வலது பக்கம் முடிந்தது. முட்டுக் குழாய்கள் இரண்டும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றை வெட்டி எடுத்து, தேய்த்து, இடது பக்கத்துக்கு மாற்ற ஒன்றரை நாள் ஆகும். கழற்றி வைத்திருந்த இடது பக்கக் கதவுகளை மறுபடி மாட்டிச் சரிபார்க்க இன்னும் இரண்டு நாள்.

வலது பக்கம் முடிவதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் அண்ணனின் கையை அளந்திருந்தார்.

பழைய பேப்பர்காரர் வைத்திருப்பதுபோன்ற ஸ்பிரிங் தராசு ஒன்று பட்டறையில் கிடந்தது. கீழே கொக்கி, மேலே வளையம், நடுவில் முள். கதவைச் சாத்த எத்தனை கிலோ இழுப்பு வேண்டும் என்று அதில் அளக்கலாம். அண்ணனின் கை எத்தனை கிலோ இழுக்கும் என்று தெரிந்தால் கதவை அதற்கேற்ற மாதிரி அமைக்கலாம் என்பது அவர் எண்ணம். கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டி, வளையத்தை அண்ணன் கையில் கொடுத்தார்.

"என்னடா, என்னையும் பழைய பேப்பர்ல சேத்துட்டியா?"

"இழு அண்ணே."

பதினொரு கிலோ. டிங்கருக்குத் திருப்தி. நல்ல கதவுக்கு நாலு, ஐந்து கிலோ போதும். ஆனால் அண்ணன் அந்தக் கையால் தண்ணீர்த் தம்ளரை எடுத்தபோது தம்ளர் நடுங்கியதையும் அவர் பார்த்தார்.

அந்த நடுக்கம்தான் அவரை அவசரப்படுத்தியது. இடது பக்க ரன்னிங் போர்டைக் கதவு இல்லாமலும் முட்டு இல்லாமலும் வெட்டினார். நடுவில் ஒரு ஜாக்கியைக் கொடுத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் முறை. மூன்றரை நாள் மிச்சமானது. பிப்ரவரி பதினான்காம் தேதி நாலு கதவுகளையும் மாட்டி, ரப்பர் பீடிங் இல்லாமல் சாத்திப் பார்த்தார். கதவு வாசலைச் சுற்றி ஓடும் அந்த ரப்பர் பெயிண்டுக்குப் பிறகுதான் ஒட்டவேண்டும். வெறும் தகடு தகட்டோடு உட்கார்ந்தது. இரண்டு சத்தமும் வந்தன. அவர் காதுக்கு நல்ல சத்தமாகவே கேட்டது. கழற்றிப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டார்.

பெயிண்டர் பக்கத்துப் பட்டறை. வாய் சும்மா இருக்காத ஆள், ஆனால் கை சுத்தம். மார்ச் நாலாம் தேதி கார் கருநீலத்தில் பளபளத்து வந்தது. எட்டாம் தேதி ரப்பர் ஒட்டி, கதவுகளை மாட்டினார்கள். மூன்று கதவுகள் சாத்தின. பின் இடது கதவு முதல் சத்தத்தோடு நின்றது.

டிங்கர் தராசை மாட்டி இழுத்தார். பதினாலு கிலோவில்தான் இரண்டாவது சத்தம் வந்தது.

"புது ரப்பர், டிங்கரே. விறைப்பா இருக்கும்" என்றார் பெயிண்டர். "நாலு நாள் இழுத்துக் கட்டி வைங்க. அமுங்கிடும். புதுச் செருப்பு கடிக்கிறதில்லையா?"

அது நியாயமாகத்தான் பட்டது. பெல்ட் போட்டுக் கதவை இழுத்துக் கட்டி வைத்தார். மறுநாள் ஞாயிறு, அண்ணனின் கை எட்டரை.

அன்றிலிருந்து அவர் பட்டறையின் இரும்பு அலமாரிக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வரிசை எழுத ஆரம்பித்தார். இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் கை. மார்ச் பன்னிரண்டு: கொண்டிக்குக் கீழே வாஷர் இரண்டு கொடுத்து வெளியே தள்ளினார், கதவு பதினொன்றரை. மார்ச் பதினாறு: கை ஏழரை. மார்ச் பதினெட்டு: கீலுக்குப் பின்னால் மெல்லிய தகடு சொருகினார், கதவு ஒன்பதரை. மார்ச் இருபத்துமூன்று: கை ஏழு. மார்ச் இருபத்துநாலு: கதவின் மேல்மூலையில் மரக்கட்டையை வைத்து, கீழ்மூலையை முழங்காலால் நெட்டி, கதவையே கொஞ்சம் முறுக்கினார். எட்டு. கீல் பக்கம் புதுப் பெயிண்ட் நூல்போல ஓர் இடத்தில் வெடித்தது.

பெயிண்டர் அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்க்க வந்தவர், அலமாரியைப் பார்த்தார்.

"என்ன டிங்கரே, மேட்ச் ஸ்கோரா? கதவு எட்டு, கை ஏழு. கதவுதான் ஜெயிக்குது. யாரு அந்தக் கை?"

"எங்கண்ணன்."

பெயிண்டர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் காரையே சுற்றி வந்தார். பின் இடது கதவின் முன் உட்கார்ந்து, கதவின் இடுப்புக் கோடும் பின்பக்கத் தகட்டின் கோடும் சந்திக்கும் இடத்தில் விரலை ஓட்டினார். எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டார்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி அளவெடுப்பு அண்ணிக்குப் பிடிக்கவில்லை. தராசைப் பையிலிருந்து எடுக்கும்போதே அவர் முகம் மாறும்.

"தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. வாரா வாரம் இதை அளந்து என்ன ஆகப்போகுது? குறையுதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"கதவுக்குத் தேவைப்படுது அண்ணி."

"கதவை அளங்க. மனுஷனை விடுங்க."

"ஏய், நீ சும்மா இரு" என்றார் அண்ணன். "அவன் வரானே, அதுக்காகவாவது அளக்கட்டும். கொண்டா."

இழுக்கும்போது அண்ணன் பல்லைக் கடிப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். முள் ஏறும், ஒரு புள்ளியில் நின்று நடுங்கும், இறங்கும். "எவ்வளவு?" என்று கேட்பார். டிங்கர் ஒருமுறைகூடக் கூட்டிச் சொன்னதில்லை. பொய் எண்ணை வைத்துக் கதவை அமைக்க முடியாது.

மார்ச் இருபத்தொன்பது: வேறு காருக்கான, உள்ளே வெற்றுக் கூடாக இருக்கும் மெத்து ரப்பரைத் தேடிப் பிடித்து மாற்றினார். கதவு ஆறரை. மறுநாள் கை ஆறு. அரைக் கிலோதான் வித்தியாசம். அன்று அவர் மதியச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். பூட்டின் ஸ்பிரிங்கை எடுத்து இளக்கி, கிரீஸ் வைத்து மாட்டினார். ஏப்ரல் மூன்று, கதவு ஆறு. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. கொண்டியை நகர்த்தினால் கீல் பக்கம் இடித்தது, கீலை நகர்த்தினால் மேல்மூலை தூக்கியது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும் பை மாதிரி இருந்தது அந்தக் கதவு.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை காலை, அவர் முதல் நாளே செய்திருக்கவேண்டியதைச் செய்தார். கதவைக் கழற்றிவிட்டு, கதவு வாசலை மூலைக்கு மூலை டேப்பால் அளந்தார். பிறகு வலது பக்கம் போய் அதே அளவை எடுத்தார். திரும்ப வந்து மறுபடி அளந்தார். மூன்று முறை அளந்தார். இடது பக்கம் ஏழு மில்லிமீட்டர் குறைவு.

கதவில் கோளாறு இல்லை. ரப்பரில் இல்லை, கொண்டியில் இல்லை, கீலில் இல்லை. முட்டு இல்லாமல் வெட்டிய அன்று காரின் பின்பாகம் தொங்கியிருக்கிறது. தொங்கிய நிலையிலேயே அவர் கையாலேயே பற்றவைத்து அதை நிரந்தரமாக்கியிருக்கிறார். ரப்பர் இல்லாமல் சாத்திப் பார்த்தபோது அந்த ஏழு மில்லிமீட்டருக்கு இடம் இருந்தது. ரப்பர் வந்ததும் இடம் போய்விட்டது. ஒரு மாதமாக அவர் தட்டிக்கொண்டிருந்ததெல்லாம் நோய் இல்லாத இடம்.

சரிசெய்ய வழி உண்டு. இடது ரன்னிங் போர்டைத் திரும்ப வெட்டி, முட்டு வைத்து, ஜாக்கியால் தூக்கி, பற்றவைத்து, பெயிண்ட் அடிக்கவேண்டும். நாற்பது நாளுக்குக் குறையாது. அலமாரியின் வலப்பக்க வரிசையைப் பார்த்தார். கடைசியாக இருந்தது ஆறு. வாரத்துக்கு ஒரு கிலோ போய்க்கொண்டிருந்தது. நாற்பது நாள் என்பது கிட்டத்தட்ட ஆறு வாரம்.

மிச்சப்படுத்திய மூன்றரை நாள் அங்கே உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுத்தியல், ரம்பம், வெல்டிங் சிலிண்டர் எல்லாம் எட்டும் தூரத்தில் இருந்தன. எதை எடுப்பது என்று தெரியவில்லை. மதியம் வீட்டுக்காரி சாப்பாட்டுடன் வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார்.

"என்ன, டிங்கருக்கு வேலை தீந்துபோச்சா?"

"தீரல. தீராது."

அவள் தூக்குவாளியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு, கை ஐந்து. அதற்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் பதின்மூன்று, கை நாலு. "எப்படா முடியும்?" என்று அண்ணன் கேட்டார். டிங்கர் வாய் தவறி, "நாளைக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் பட்டறையைத் திறந்து, பின் இடது கதவு வாசலின் ரப்பரை உரித்து எடுத்தார். மேலே கண்ணுக்குத் தெரியும் ஒரு சாண் துண்டை மட்டும் விட்டுவைத்தார். மற்றதைச் சுருட்டி டிக்கியில் போட்டார். தராசை மாட்டினார். இரண்டரை கிலோ. அந்த எண்ணை அவர் அலமாரியில் எழுதவில்லை.

பத்து மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். அண்ணி, அண்ணனின் தோளைத் தாங்கி அழைத்துவந்தார். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், டிரைவர் வேலைக்குப் போட்ட அதே மாதிரி. பின்சீட்டில் மெல்ல இறங்கி, சாய்ந்து, மேலே கூரையைப் பார்த்தார்.

"முதலாளி இங்கேருந்துதான் என் பிடரியப் பாத்துட்டே வந்திருக்காரு. பாவம்."

அண்ணி சிரித்தார். வலது பக்கம் சுற்றிவந்து அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டிங்கர் வெளியே நின்றார். அண்ணன் இடது கையைக் கதவின் பிடியில் மாட்டி இழுத்தார். முதல் சத்தம். ஒரு மூச்சு. இரண்டாவது சத்தம்.

அண்ணியின் முகம் மலர்ந்தது. அண்ணனின் முகம் மலரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்தார்.

"ரப்பர் எங்கடா?"

டிங்கர் டிக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"தகரம் தகரத்துல விழுற சத்தம் இது. இந்தக் கதவை நான் எத்தனை வருஷம் சாத்தியிருக்கேன்? எங்கிட்டயேவா?"

"டிக்கில இருக்கு."

"எடுத்து ஒட்டு."

"ஒட்டினா ஆறு கிலோ அண்ணே. உன் கை நாலு."

"அது எனக்குத் தெரியும். ஒட்டு."

இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அண்ணன் சீட்டை விட்டு இறங்கவில்லை. தெருவில் போனவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். டிங்கர் ரப்பரை அமுக்கி அமுக்கி ஒட்டும்போது அண்ணனின் முழங்கால் அவர் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒட்டி முடித்து விலகி நின்றார்.

அண்ணன் இழுத்தார். முதல் சத்தம் வந்தது. அதோடு கை நின்றது. இன்னும் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கதவு அசையவில்லை. கையைத் தொடையில் வைத்து ஓய்வு கொடுத்தார். மறுபடி இழுத்தார். ஏழு முறை. ஐந்தாவது முறையில் அண்ணி தன் கையை நீட்டப்போனார். அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டினார், அண்ணி கையை மடக்கிக்கொண்டார். வெளியிலிருந்து ஒரு உள்ளங்கையை வைத்து அழுத்தினால் போதும். டிங்கரின் கைகள் இரண்டும் அவர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

"போதும்" என்றார் அண்ணன். "ஓட்டு."

"முழுசாச் சாத்தல அண்ணே."

"தெரியும். மெதுவா ஓட்டு."

டிங்கர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது கியருக்கு மேல் போடவில்லை. தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, பெரிய சாலையின் ஓரமாகவே ஓட்டினார். கதவு பல்லுக்குப் பல் தட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அண்ணியின் கை அண்ணனின் சட்டை முதுகை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றார் டிங்கர், சாலையைப் பார்த்தபடியே. "ரன்னிங் போர்டை முட்டு வைக்காம வெட்டிட்டேன். இடது பக்கம். ஏழு மில்லிமீட்டர் இறங்கிப்போச்சு. என் தப்புதான்."

"தெரியும்."

"எப்படி?"

"உன் பெயிண்டர் என்னை டீக்கடையில பாத்தான். மூணு வாரம் ஆச்சு. கோடு சேரல, வண்டி தொங்கியிருக்கு, உங்க தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னான்."

"அப்புறம் ஏன் அண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? திரும்ப வெட்டுவ. அத்தனை நாள் எங்கிட்ட ஏது?" அண்ணன் கொஞ்சம் நிறுத்தினார். "ஏதாவது பண்ணிடுவன்னு நெனச்சேன். நீ கதவுக்காரனாச்சே."

டிங்கர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். மொத்தம் இரண்டு கிலோமீட்டர் முன்னூறு மீட்டர். வீட்டு வாசலில் நிறுத்தியபோது அண்ணன் உள்பிடியை இழுத்துத் தானே கதவைத் திறந்தார். திறப்பதற்கு ஒரு கிலோ போதும்.

அடுத்த வாரமே டிங்கர் இடது பக்கத்தை மறுபடி வெட்டினார். யாரும் செய்யச் சொல்லவில்லை. குழாய் முட்டுகளை வைத்தார், கதவுகளை மாட்டியபடியே வெட்டினார், தினமும் காலையும் மாலையும் மூலைக்கு மூலை அளந்தார். பெயிண்டர் கூலி பேசவில்லை, ஜோக்கும் அடிக்கவில்லை. மே பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை டிங்கர் தராசை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் வளையத்தைப் பிடித்தார், விரல்கள் வளையத்தைச் சுற்றி மூடின, முள் நகரவில்லை. "எவ்வளவு?" என்று அண்ணன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு டிங்கர் தராசைக் கொண்டுபோகவில்லை.

ஜூன் எட்டாம் தேதி கார் மறுபடி அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. இரண்டு பக்கமும் மூலைக்கு மூலை ஒரே அளவு. முழு ரப்பரோடு, பின் இடது கதவு, மூன்றரை கிலோ.

இந்த முறை டிங்கரும் அண்ணியும் சேர்ந்து அண்ணனைத் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அண்ணி அடுத்த பக்கம் ஏறிக்கொண்டார். கதவு திறந்தபடி நின்றது. டிங்கர் அதன் பக்கத்தில் நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. அண்ணன் கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாத்துடா" என்றார்.

டிங்கர் கதவில் கை வைத்தார்.

"இடிச்சுச் சாத்தாத. விரல் பாரு. துணி பாரு. அப்புறம் சாத்து."

டிங்கர் குனிந்து விரலைப் பார்த்தார். அண்ணனின் இடது கை சீட்டின் ஓரத்தில், பாதி வெளியே, கதவு வந்து விழும் இடத்தில் கிடந்தது. அதை உள்ளே எடுக்க அண்ணனால் முடியவில்லை. டிங்கர் அந்தக் கையை எடுத்து அண்ணனின் மடியில் வைத்தார். சட்டையின் ஓரத்தை உள்ளே ஒதுக்கினார். பிறகு உள்ளங்கையை வைத்து முதல் சத்தம்வரை கொண்டுபோனார்.